மருதாணியின் வலப்பக்கம்

"டேய் மாப்ள, வண்டிய நீ எடுத்துட்டுப் போனது வெள்ளிக்கெழம. இன்னைக்கு என்ன கெழமன்னு நீயே சொல்லு!"

மணல் களத்தின் நடுவில் நின்றுகொண்டு காசி அண்ணன் கைப்பேசியில் கத்திக்கொண்டிருந்தார். மறுமுனையில் அவருடைய தங்கச்சி புருஷன். அவரைச் சுற்றி நான் மருதாணி என்ற குதிரையின்மேல் உட்கார்ந்து வலப்பக்கமாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். விடிந்து வெகுநேரம் ஆகியிருக்கவில்லை. அழகர் மலையில் பனி இன்னும் கிடந்தது. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம்கூட அவர் குரலில் அமுங்கிப் போயிருந்தது.

"அப்ப நான் எதுலடா மேலூருக்குப் போறது? குதிரையிலயா?"

நான் வழக்கம்போல இடதுகாலைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்து மருதாணியின் விலாவை அழுத்தினேன். நம்பிக்கை இல்லாமல்தான். ஒரு மாதமாகத் தினமும் செய்து, தினமும் தோற்றுப்போன காரியம் அது.

மருதாணி ஓட்டத்துக்கு எழும்பினாள். என் வலது இடுப்பு தானாக முன்னுக்குப் போனது. என்னை வெளிப்பக்கமாகத் தூக்கி எறியப் பார்க்கும் அந்தக் குலுக்கல் இல்லை. ஊஞ்சலில் உட்கார்ந்ததுபோல இருந்தது. குனிந்து பார்த்தேன். அவளுடைய வலது தோள் இடது தோளை முந்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

கத்திவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். முழுசாக இரண்டு சுற்று. சண்டை முடிந்து காசி அண்ணன் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டார். அடுத்த நொடி மருதாணி தடுமாறி நின்றுவிட்டாள்.

எந்தக் கால் முந்துகிறது

இந்தத் தொடரில் இதுவரை மனிதர்களை நடக்கவைத்த கதைகளையே சொல்லி வந்தேன். பிசியோதெரபிஸ்ட்டாக இருபது வருஷத்துக்கு மேல் மதுரையில் பார்த்த வேலை அதுதான். இந்த வாரம் குதிரை என்றதும் சிலருக்குச் சிரிப்பு வரலாம். எனக்கே வந்தது.

குதிரைக்கு முதலில் ஆசைப்பட்டது என் மகள். அழகர்கோவில் சாலையில், தென்னந்தோப்பு ஒன்றைத் தாண்டி, செல்வம் அண்ணன் என்பவர் ஏழு குதிரைகளை வைத்து வகுப்பு நடத்துகிறார் என்று தெரிந்து சேர்ந்தாள். நான்கே வகுப்பு. "போதும்மா, தொட வலிக்குது" என்று நின்றுவிட்டாள். மிச்ச வகுப்புகள் வீணாகிறதே என்று நான் ஏறினேன். நாற்பத்து நான்கு வயதில். இறங்க மனமில்லை.

குதிரையின் ஓட்டத்தில் கேன்டர் என்று ஒன்று இருக்கிறது. நாலுகால் பாய்ச்சலுக்கு முந்தைய ஓட்டம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மூன்று தட்டு விழும். பிறகு ஒரு சின்ன மௌனம். மறுபடி மூன்று தட்டு. அந்த மூன்றாவது தட்டில் ஒரு முன்னங்கால் மற்றதைவிட எட்டிப் போய் விழும். அதை 'லீட்' என்பார்கள். வலப்பக்கம் வளையும்போது வலதுகால் முந்த வேண்டும், இடப்பக்கம் வளையும்போது இடதுகால். மாறிப்போனால் வளைவில் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

எட்டு வடிவத்தில் ஓடும்போது நடுவில் திசை மாறுகிறது இல்லையா? அங்கே ஓட்டத்தை நிறுத்தாமலே குதிரை காலை மாற்றிக்கொள்ள வேண்டும். அதை அந்த மௌனத்தில்தான் செய்ய முடியும். அப்போதுதான் நான்கு கால்களும் காற்றில் இருக்கும். கண் இமைக்கிற நேரம். அதற்குள் உடம்பு முழுவதும் இடமிருந்து வலமாக மாறிவிட வேண்டும்.

இதை முதன்முதலில் வேறொரு குதிரை செய்ததைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. ஒரு நோயாளி ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றக் கற்றுக்கொள்வதற்கு மாதக்கணக்கில் ஆவதைப் பார்த்தவள் நான்.

இருட்டான பக்கம்

மருதாணிக்கு வலது கண் கிடையாது. இங்கே வருவதற்கு முன்பே கருவேல முள் ஒன்று குத்தி, சீழ் வைத்து, கண்ணையே எடுத்துவிட்டார்கள். இமையைத் தைத்த இடத்தில் முடி வளர்ந்து மூடியிருந்தது. இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் செக்கச்செவேல் என்று ஒரு அழகி. வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் தூங்குகிறாளோ என்று தோன்றும்.

முன்னால் இருப்பதைப் பார்ப்பதற்காக முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்தே வைத்திருப்பாள். அப்போதுதான் இடது கண் நேராக வரும். நடையில் குறை தெரியாது. கேன்டரில்தான் சிக்கல். இடதுகாலை மட்டுமே முந்தவிடுவாள், எந்தப் பக்கம் வளைந்தாலும். தெரியாத பக்கத்தில் காலை எட்டி வைக்க யாருக்குத்தான் மனசு வரும்?

தீபாவளி முடிந்த வாரம், ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் மருதாணியில் போனாள். வலப்பக்கம் திரும்பும்போது குதிரையின் கால்கள் பின்னிக்கொண்டு, இரண்டு பேரும் மணலில் விழுந்தார்கள். பிள்ளைக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நான்தான் மரத்துண்டு வைத்துத் துணியால் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். திரும்பி வந்து பார்த்தால் மருதாணி லாயத்தின் மூலையில் முகத்தைச் சுவருக்குக் கொடுத்து நடுங்கிக்கொண்டு நின்றாள்.

செல்வம் அண்ணன் கெட்டவர் இல்லை. கப்பலூரில் ரப்பர் வாஷர் செய்யும் சின்னத் தொழிற்சாலை வைத்திருந்தார். அதில் வருவதையெல்லாம் குதிரைகளுக்குக் கொட்டுகிறவர். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

"கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுறவர் ஒருத்தர் கேட்டாரும்மா. நேரா நடந்தாப் போதும்ல அங்க."

"வெடிச் சத்தம், பேண்டு வாத்தியம், கூட்டம்... ஒரு கண்ணை வச்சுக்கிட்டு அங்க என்னண்ணே செய்யும்?"

"பிள்ளைக விழுந்தா நான் என்ன செய்ய? அதச் சொல்லு."

யோசிக்காமலே வாய் பேசிவிட்டது. "பொங்கல் வரைக்கும் குடுங்கண்ணே. வலதுகால் எடுக்க வச்சு, எட்டுப் போட்டுக் கால் மாத்த வச்சுக் காட்டுறேன்."

"நீயா?" என்றார். நான் அப்போது ஏறத் தொடங்கி மூன்று வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. பிறகு, "சரி, தை பொறக்கட்டும்" என்றார்.

கத்தக் கூடாத மனிதர்

காசி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். குதிரைகளைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, களத்தைச் சீர்செய்வது அவர் வேலை. அதற்கு முன்பு மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் பதினைந்து வருஷம் பாறையில் துளை போடும் மிஷின் பிடித்தவர். அந்தச் சத்தத்தில் காது போய்விட்டது. வலது காது அறவே கிடையாது. இடது காதில் உரக்கச் சொன்னால் விழும். தன் குரல் தனக்கே கேட்காததால் எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்வார். "டீ குடிக்கீகளா?" என்று கேட்டால் தோப்பில் காக்கா பறக்கும்.

குதிரைக்குச் சத்தம் ஆகாது என்று செல்வம் அண்ணன் கண்டித்து வைத்திருந்தார். அதனால் காசி அண்ணன் குதிரைகளுக்குப் பக்கத்தில் ஊமையாகவே இருப்பார். கையால் தட்டிக்கொடுப்பார், கண்ணால் கொஞ்சுவார், வாய் திறக்கமாட்டார். அன்றைக்கு மாப்பிள்ளைமேல் இருந்த கோபத்தில் அதை மறந்துவிட்டார்.

நான் மருதாணியிலிருந்து இறங்கி அவரிடம் ஓடினேன். அவர் பயந்துபோனார்.

"மன்னிச்சிருங்க டாக்டரம்மா. வாய் தவறிப்போச்சு. அண்ணன்கிட்டச் சொல்லிராதீக."

நான் டாக்டர் இல்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். நடக்கவைக்கிறவர்களும் டாக்டர்தான் என்பது அவர் முடிவு.

இடது காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னேன். "இன்னும் பேசுங்கண்ணே! அங்கேயே நின்னு பேசுங்க!"

ஆறாம் நம்பர் கட்டில்

இந்த இடத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வர வேண்டும்.

மூளையின் வலப்பாதியில் பக்கவாதம் தாக்கினால் சிலருக்கு இடப்பக்க உலகமே இல்லாமல் போய்விடும். கண் தெரியும், ஆனால் கவனம் போகாது. தட்டில் இடப்பக்கம் இருக்கும் இட்லியைத் தொடமாட்டார்கள். பாதி முகத்துக்கு மட்டும் சவரம் செய்துகொள்வார்கள். அப்போது சொந்தக்காரர்களிடம் நாங்கள் சொல்வது: நாற்காலியை அந்தப் பக்கமே போடுங்கள், அங்கிருந்தே பேசுங்கள்.

ஆறாம் நம்பர் கட்டிலில் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் மனைவி இடப்பக்கம் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசுவார். சமையல், பக்கத்து வீட்டுக்காரி, பூனை போட்ட குட்டி. பத்து நாளாக மனிதர் திரும்பவே இல்லை. பதினோராவது நாள், மெதுவாக முகத்தை இடப்பக்கம் திருப்பி, "நேத்து ரசத்துல புளி கம்மி" என்றார். அந்த அம்மா அழுததை நான் மறக்கவில்லை.

காசி அண்ணன் கத்தியபோது மருதாணியின் வலது காது அவரை நோக்கி மடங்கித் திரும்பியிருந்தது. மேலிருந்து நான் அதைப் பார்த்தேன். அதுவரை அவளுக்கு வட்டத்தின் உள்பக்கம் வெறும் இருட்டு. அங்கே ஒரு ஆள் நிற்கிறார், தெரிந்த ஆள், மாப்பிள்ளையைத் திட்டுகிற அளவுக்கு நிம்மதியாக நிற்கிறார் என்று தெரிந்ததும் அந்தப் பக்கம் காலை நீட்டிவிட்டாள். ஒரு மிருகம் இதை இப்படி யோசிக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. செய்தாள், அவ்வளவுதான்.

பேச ஒரு ஆள்

மறுநாள் காலை காசி அண்ணனை நடுவில் நிறுத்திப் பேசச் சொன்னேன். நாக்கு ஒட்டிக்கொண்டது அவருக்கு.

"என்னத்தப் பேச டாக்டரம்மா? எதுத்தாப்ல ஆளு இருந்தாத்தான பேச்சு வரும்?"

"மருதாணிகிட்டப் பேசுங்க."

"ஏ மருதாணி," என்றார் கூச்சத்தோடு. பிறகு, "சாப்ட்டியா?" என்றார். அவர்தான் கொள்ளு வைத்திருந்தார்.

கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டால் பேச்சு வந்தது, மறுமுனையில் யாரும் இல்லாவிட்டாலும். முதல் வாரம் மாப்பிள்ளையைத் திட்டினார். அடுத்த வாரம் கைப்பேசி சட்டைப்பைக்குப் போய்விட்டது. அவளிடமே பேச ஆரம்பித்தார். குவாரியில் பாறையைத் தட்டிப் பார்த்தே எங்கே பிளக்கும் என்று சொல்லும் வித்தையைச் சொன்னார். ஒருநாள் வலப்பக்கத்திலிருந்து கல் சரிந்து வந்ததும், தனக்குக் கேட்காமல் நின்றதும், கூட வேலை பார்த்தவர் சட்டையைப் பிடித்து இழுத்துப்போட்டதும் சொன்னார்.

"எனக்கும் அந்தப் பக்கம் யாரு வந்தாலும் தெரியாதுத்தா. பயமாத்தான் இருக்கும். என்ன செய்ய, போகத்தான வேணும்."

என்னிடம் அவர் அதைச் சொன்னதே இல்லை.

மார்கழி முழுக்க இப்படிப் போனது. வலதுகால் எடுப்பது பழகிவிட்டது. அடுத்தது எட்டு. இடப்பக்க வட்டத்தை முடித்து நடுவுக்கு வரும்போது, நான் இடுப்பை மாற்றிக் காலை மாற்றி அழுத்துவேன். வலப்பக்க வட்டத்திலிருந்து காசி அண்ணன் கூப்பிடுவார். மருதாணி முன்னங்காலை மாற்றிவிடுவாள், பின்னங்கால் பழையபடியே வரும். முன்பாதி ஒரு குதிரை, பின்பாதி இன்னொரு குதிரை. டவுன்பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து குண்டும் குழியுமான சாலையில் போவதுபோல முதுகெலும்பு நொறுங்கும்.

பொங்கல் வந்தது. ஒரு தடவைகூடச் சுத்தமாக மாறவில்லை.

தை பிறந்தது

செல்வம் அண்ணன் சொன்ன நாளில் வந்து வேலியோரம் நின்றார். காசி அண்ணன் களத்தின் நடுவுக்குப் போனார்.

"நீ எங்க போற?" என்று கேட்டார் செல்வம் அண்ணன்.

நான் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் சரிவராது என்று தலையை ஆட்டினார். "ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு ஆளு நடுவுல நின்னு பேச முடியுமாம்மா? அவரை வெளிய வரச் சொல்லு."

அவர் கேட்டது நியாயம்தான். காசி அண்ணன் வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். களம் அமைதியாகிவிட்டது.

இடப்பக்க வட்டம் அழகாக வந்தது. நடுவை நெருங்கும்போது இடுப்பை மாற்றினேன். காலை அழுத்தினேன். மருதாணி கால் மாற்றவில்லை. பின்னிக்கொள்ளவும் இல்லை. தானே வேகத்தைக் குறைத்து மெல்லோட்டத்துக்கு இறங்கினாள். வலது காதை வெளியே திருப்பி, மூன்று நான்கு காலடி, கேட்டுக்கொண்டே போனாள். பிறகு தானாக எழும்பி, வலதுகாலை முன்னால் நீட்டி, வலப்பக்க வட்டத்தில் ஊஞ்சலாக ஓடினாள்.

"இன்னொரு வாட்டி போ," என்றார் செல்வம் அண்ணன்.

மறுபடியும் அதே. மூன்றாவது முறையும் அதே. நான் அவர் முன்னால் வந்து நிறுத்தினேன்.

"ஓட்டத்தை விடாமக் கால் மாத்தும்னு சொன்னியே?"

"சொன்னேண்ணே. மாத்தல."

"நடுவுல வேகத்தக் குறைச்சது நீயா, அதுவா?"

"அதுதான். நான் கேக்கவே இல்ல."

அவர் வேலிக்குள் குனிந்து வந்தார். மருதாணியின் நெற்றியில் கை வைத்தார். "பயந்துக்கிட்டுத் திரும்பல. நின்னு, கேட்டுப்பிட்டு, அப்புறம் காலெடுத்து வைக்குது. மேல இருக்க பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாட்டியும் இது பாத்துக்கிரும். எனக்கு இதாம்மா வேணும். வித்தையா வேணும்?"

அவர் கைப்பேசியை எடுத்து ஊர்வலக்காரருக்கு மறுப்புச் சொன்னபோது, அதைக் கேட்க முடியாத காசி அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருந்தார். மருதாணி போகவில்லை என்று கையசைத்துக் காட்டினேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பங்குனி மழை

அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். கால் மாற்றுவதை நான் விட்டுவிட்டேன். அவளுக்குப் பிடித்தபடி நடுவில் மெல்லோட்டத்துக்கு இறங்கி, கேட்டு, எடுத்துப் போவோம். பிள்ளைகள் அவள்மேல் ஏற ஆரம்பித்திருந்தார்கள்.

பங்குனியில் ஒரு மழை பெய்தது. மறுநாள் காலை களத்து மணல் இறுகி, வழித்துவிட்ட சந்தனம்போல ஒரு சுவடும் இல்லாமல் கிடந்தது. வகுப்புக்கு யாரும் வரவில்லை. காசி அண்ணன் லாயத்துக்குப் பின்னால் புல் அறுத்துக்கொண்டிருந்தார். நானும் மருதாணியும் மட்டும் களத்துக்குள் போனோம்.

இடப்பக்கம் ஒரு வட்டம். ஈர மணலில் குளம்புச் சத்தம் மெத்தென்று விழுந்தது. நடு வந்தது. அடுத்து எங்கே போக வேண்டும் என்று நான் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். பார்த்தது மட்டும்தான்.

மூன்று தட்டு. பிறகு மௌனம். அந்த மௌனம் கொஞ்சம் நீண்டது. எனக்குக் கீழே அவள் முதுகு உயர்ந்தது, பின்னங்கால்கள் இரண்டும் வயிற்றுக்கடியில் கூடிவந்து இடம் மாறியதை என் இடுப்பெலும்பு உணர்ந்தது. மறுபடி தரையைத் தொட்டபோது எல்லாமே மறுபக்கமாக இருந்தது. குலுக்கல் இல்லை, சத்தம் இல்லை. வலது தோள் எனக்கு முன்னால் எழுந்தது. பல வருஷமாக வெளிச்சமே இல்லாத அந்தப் பக்கத்தில், யாரும் நிற்காத இடத்தில், யாரும் கூப்பிடாமல், அவள் தன் வலதுகாலை எட்டி வைத்திருந்தாள்.

ஒரு சுற்று ஓடவிட்டு நிறுத்தினேன். இறங்கியதும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஈரச் சேணத்தின் வாசனையும் அவள் வியர்வையும் மூக்கில் ஏறின. தூரத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டுக் காசி அண்ணன் அரிவாளும் கையுமாக ஓடிவந்தார்.

"என்ன டாக்டரம்மா, விழுந்துட்டீகளா?"

"இல்லண்ணே. கால் மாத்திருச்சு."

"கால்லயா அடி?"

இடது காதுக்குப் போனேன். "மருதாணி கால் மாத்திருச்சுண்ணே! ஓடிக்கிட்டே! சுத்தமா!"

அவர் நம்பவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மணலைக் காட்டினேன். குளம்புச் சுவடுகள் அச்சாகப் பதிந்திருந்தன. இடதுகால் முந்தி, இடதுகால் முந்தி, இடதுகால் முந்தி வந்தது. பிறகு ஓரிடத்தில் எதுவுமே இல்லை. மழை வழித்துவிட்ட மணல் மட்டும். அதைத் தாண்டி வலதுகால் முந்தித் தொடங்கியது.

காசி அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். வெறுமையாகக் கிடந்த அந்த மணலுக்கு மேலே கையை விரித்து, தொடாமல், சாண் போட்டு அளந்தார். ஒரு தடவை அளந்துவிட்டு, மறுபடியும் அளந்தார்.

"இம்புட்டுத் தூரம் தரையிலயே இல்லையா?"

"இல்லண்ணே."

அன்று மற்ற குதிரைகளை மேய்ச்சலுக்குக் கொண்டுபோகும்போது, அவர் ஒவ்வொன்றையும் களத்தின் ஓரமாகவே சுற்றி நடத்திக்கொண்டு போனார். வெயில் ஏறி, மணல் உலர்ந்து, சுவடு தானாக உதிரும்வரை யாரையும் அந்தப் பக்கம் கால் வைக்க விடவில்லை.